மனசாட்சி உறுத்தும்போது: குற்ற உணர்விலிருந்து மன்னிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை ஜெபம் வரும். சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் பாவம் செய்தோம் என்று சபையோடு சேர்ந்து சொல்வோம். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். போதகர் மன்னிப்பின் வார்த்தையை வாசிப்பார், நாமும் ஆமென் சொல்வோம். வீட்டு வாசலை மிதிக்கும்போது பழைய பாரம் அப்படியே அங்கே காத்துக்கொண்டிருக்கும். எனக்குப் பல வருஷம் இப்படித்தான் போயிற்று.

ஏன் என்று பிற்பாடுதான் பிடிபட்டது. நான் வாரம் தவறாமல் ‘பாவங்களை’ அறிக்கையிட்டுக்கொண்டிருந்தேன். நான் செய்த அந்த ஒரு பாவத்தை ஒரு தடவைகூட வாய் திறந்து சொன்னதில்லை.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கீழே பல இடங்களில் அது தேவைப்படும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கணக்கில் பெரிய தவறு செய்தேன். விசாரணை வந்தபோது அந்தத் தாளில் எனக்கு அடுத்த மேசைக்காரனின் கையெழுத்து இருந்தது. என்னைவிட இளையவன். நான் பொய் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஒரே வாரத்தில் அவன் வேலை போயிற்று. மேசையைக் காலி செய்துவிட்டுப் போகும்போது என்னிடம்தான் கடைசியாக வந்து, “வரேன் அண்ணா” என்றான்.

ஒன்பது வருஷம் அந்த ‘வரேன் அண்ணா’ என்னோடு இருந்தது. அதிலிருந்து வெளியே வந்த வழியைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். படிகளை வரிசையாக ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்துவிடாதீர்கள்.

முதல் படி: இது உங்கள் குற்றம்தானா?

மனசு உறுத்துகிறது என்பதற்காக நாம் பாவம் செய்துவிட்டோம் என்று ஆகாது. உறுத்தாததால் குற்றமற்றவர் என்றும் ஆகாது. பத்சேபாளை அழைத்துவரச் செய்து, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட தாவீது, நாத்தான் தீர்க்கதரிசி வந்து நிற்கும்வரை அரண்மனையில் வழக்குகளுக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதையைக் கேட்டதும் அவருக்கு எவ்வளவு கோபம் வந்தது பாருங்கள்! ‘நீயே அந்த மனுஷன்’ என்று நாத்தான் சொன்ன பிறகுதான் உறைத்தது.

எனவே உணர்வை ஓரமாக வைத்துவிட்டு நடந்ததைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்து, நீங்கள் விரும்பி, செய்யக் கூடாததைச் செய்தீர்களா? செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டீர்களா? ஆமென்றால் அது பாவம். அதற்குத்தான் மன்னிப்பு இருக்கிறது.

விபத்து வேறு. அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்த அளவில் எடுத்த ஒரு முடிவு பின்னால் தவறாகப் போனதும் வேறு. அம்மாவை வேறு மருத்துவரிடம் காட்டியிருந்தால் பிழைத்திருப்பாரே என்று உருகுகிறவர் சுமப்பது பெரும்பாலும் துக்கத்தைத்தான். துக்கத்தை யாரும் மன்னிக்க முடியாது, தேற்றத்தான் முடியும். லாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதியிருக்கிறார். துக்கத்துக்குப் போக வேண்டிய இடம் அதுதான்.

இன்னொன்று உண்டு, இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், வீட்டில் அடி வாங்கியவர்கள், ‘என் மேலும் தப்பு இருக்குமோ’ என்று காலமெல்லாம் தங்களையே குடைந்துகொள்கிறார்கள். அது உங்கள் பாவம் அல்ல. அதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதே இல்லை. யாராவது உங்களை அப்படிக் கேட்கச் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் சரி, அவரிடம் ஆலோசனைக்குப் போவதை நிறுத்துங்கள்.

அப்புறம், பேசுவது யாருடைய குரல் என்பதையும் கவனியுங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 12:10 சாத்தானை ‘குற்றஞ்சுமத்துகிறவன்’ என்கிறது. நான் கண்டவரையில் அவன் பேச்சு எப்போதும் பொத்தாம்பொதுவாகவே இருக்கும். “நீ எப்பவுமே இப்படித்தான். நீயெல்லாம் ஒரு கிறிஸ்தவனா?” இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்ய முடியாது, சுருண்டு படுக்கத்தான் முடியும். பரிசுத்த ஆவியானவர் கடிந்துகொள்வது நாத்தானைப் போல. ஆள், செயல், நாள் எல்லாம் தெளிவாக இருக்கும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

இரண்டாம் படி: அதற்கு ஒரு பெயர் வையுங்கள்

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். கைப்பேசியில் வேண்டாம், தாளில் எழுதுங்கள். மனசுக்குள் ஓடும் வாக்கியத்துக்கு ஆயிரம் ஓட்டை உண்டு. கையால் எழுதும்போது எங்கே மழுப்புகிறோம் என்று நமக்கே தெரிந்துவிடும்.

நான் முதலில் எழுதியது: ‘என்னால் ஒருவனுக்குக் கஷ்டம் வந்தது.’ வாசித்துப் பார்த்தால் ஏதோ மழை வந்தது போல இருந்தது. அடித்துவிட்டு, ‘அந்தச் சூழ்நிலையில் நான் பேசாமல் இருந்துவிட்டேன்’ என்று எழுதினேன். குற்றத்தைச் சூழ்நிலையின் தலையில் கட்டியாகிவிட்டது. மூன்றாவது தடவைதான் வந்தது: ‘தவறு என்னுடையது என்று தெரிந்தும், என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, அவன் வேலை போகட்டும் என்று விட்டேன்.’ எழுதிவிட்டு அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்தேன்.

புதிய ஏற்பாட்டில் ‘அறிக்கையிடுதல்’ என்று வரும் இடத்தில் மூலமொழியான கிரேக்கத்தில் இருக்கும் சொல் ‘ஹோமோலொகெயோ’. அதையே சொல்லுதல், ஒத்துக்கொள்ளுதல் என்று பொருள். தேவன் அந்தச் செயலைப் பற்றி என்ன சொல்வாரோ அதையே நாமும் சொல்வது. குறைத்தும் சொல்லக் கூடாது, கூட்டியும் சொல்லக் கூடாது. கூட்டிச் சொல்வதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. ‘உலகத்திலேயே கேடுகெட்டவன் நான்தான்’ என்று மார்பில் அடித்துக்கொள்வது தாழ்மைபோலத் தெரியும். உண்மையில் அதுவும் ஒரு மழுப்பல்தான். செய்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க, செய்யாத நூறை ஒத்துக்கொள்வது.

இப்படி மறைத்தே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதைத் தாவீதே 32-ஆம் சங்கீதத்தில் சொல்கிறார்: ‘நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று.’ எலும்பு உலர்வது என்பதை நான் கவிதை என்று நினைத்திருந்தேன். தூக்கம் கெட்டு, வயிறு கெட்டு, காரணம் தெரியாமல் வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த வருஷங்களுக்குப் பிறகு அப்படி நினைப்பதில்லை.

மூன்றாம் படி: யாரிடம் கொண்டுபோகிறீர்கள்?

பெயர் வைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. இங்கே இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பார்க்க வேண்டும்.

மத்தேயு 27-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். யூதாஸ் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். ‘குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்’ என்று, செய்ததைத் துல்லியமாகச் சொன்னான். வருத்தம், அறிக்கை, ஈடு மூன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் அதை அவன் கொண்டுபோன இடம் பிரதான ஆசாரியர்கள். அவர்கள் சொன்ன பதில்: ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு.’ மன்னிப்பே இல்லாத வாசலில் போய் மன்னிப்புக் கேட்டான். அங்கிருந்து அவன் நேராகச் சாவுக்குப் போனான்.

அதே இரவில் பேதுரு மூன்று தடவை இயேசுவை மறுதலித்தார். அவரும் மனங்கசந்து அழுதார். வித்தியாசம், அவர் மற்றச் சீஷர்களை விட்டுப் போய்விடவில்லை. பின்பு கடற்கரையில் இயேசு நிற்கிறார் என்று கேட்டதும் படகு கரை சேரும்வரை பொறுக்காமல் தண்ணீரில் குதித்துப் போனார். கரையில் கரிநெருப்பு போட்டிருந்தது என்று யோவான் எழுதுகிறார். அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் வருகிறது: ஒன்று பேதுரு குளிர்காய்ந்துகொண்டு மறுதலித்த முற்றத்தில், இன்னொன்று இந்தக் கரையில். அதே புகை நாற்றத்தில், மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. ‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று ஒரு தடவைகூட இயேசு கேட்கவில்லை. ‘என்னை நேசிக்கிறாயா?’ என்றுதான் கேட்டார். கேட்டுவிட்டு வேலையையும் கையில் கொடுத்தார்.

2 கொரிந்தியர் 7:10-ல் பவுல் சொல்லும் இரண்டு துக்கங்கள் இவைதான். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலைக் கொண்டுவரும், லௌகிக துக்கம் மரணத்தைக் கொண்டுவரும். இரண்டுக்கும் கண்ணீரின் அளவு ஒன்றாகவே இருக்கலாம்.

சரி, ஜெபத்தில் எப்படிச் சொல்வது? வார்த்தை வரவில்லை என்றால் 51-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்து, நடுவில் நிறுத்தி, தாளில் எழுதிய அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் எதுவும் வேண்டாம். இயேசு சொன்ன உவமையில் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், சொன்னது ஒரே வரி: ‘தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.’ அவன் நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்.

தகப்பன் சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்த கெட்டகுமாரன் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பன்றிகளோடு இருக்கும்போதே அவன் பேசவேண்டியதைத் தயார் செய்கிறான். கடைசி வரி: ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்.’ வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசத் தொடங்குகிறான். பாவஞ்செய்தேன் என்கிறான், குமாரன் எனப்படப் பாத்திரனல்ல என்கிறான். அந்தக் கடைசி வரி வரவே இல்லை! தகப்பன் அதற்குள் வேலைக்காரரைக் கூப்பிட்டு, வஸ்திரம் கொண்டுவா, மோதிரம் போடு, பாதரட்சை மாட்டு என்று சொல்லத் தொடங்கிவிட்டார். வேலை செய்து கடனை அடைக்கிறேன் என்ற பேரத்தை அவர் காதில் வாங்கவே இல்லை. நம்மில் பலர் மன்னிப்புக் கேட்கும்போது உள்ளுக்குள் வைத்திருப்பது அந்தக் கூலிக்கார வரிதான்.

நான்காம் படி: இன்னொரு மனிதர் காதில் விழட்டும்

தேவனிடம் சொன்னால் போதாதா? மன்னிப்புக்குப் போதும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் தனியாகச் சொன்ன பாவம் தனிமையில் திரும்பி வந்து பேசும். ‘நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்’ என்று யாக்கோபு 5:16 சொல்வது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கத்தோலிக்கர்களுக்கு இதற்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. பழைய தலைமுறை பாவசங்கீர்த்தனம் என்று சொல்லும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. ஆன்ம சோதனை, மனத்துயர், அறிக்கை, குரு தரும் பாவப் பரிகாரம், மன்னிப்பு மொழி என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அங்கே கேட்டதைக் குரு யாரிடமும், எக்காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. ரொம்ப வருஷம் போகாதவர் என்றால் தயங்காமல் போய், “ஃபாதர், எப்படிச் செய்யறதுன்னே மறந்துபோச்சு” என்று சொல்லுங்கள். அவரே கூட்டிக்கொண்டு போவார். ஆர்த்தடாக்ஸ் சபைகளிலும் குருவானவர் முன்னிலையில் அறிக்கையிடும் வழக்கம் உண்டு.

சீர்திருத்த சபைகளில் இது கட்டாயம் இல்லை. ஆனால் கட்டாயமில்லை என்பது தேவையில்லை என்று ஆகிப்போனதுதான் எங்கள் பக்கத்துக் குறை. போதகரிடமோ முதிர்ந்த ஒரு விசுவாசியிடமோ போகலாம். ஆளைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்று: அவர் இதற்குமுன் உங்களிடம் வேறு யாருடைய ரகசியத்தையாவது ‘ஜெபத்துக்காக’ என்று சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் அவர் வேண்டாம். ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் சொல்வது நல்லது. சாட்சி சொல்லும் நேரத்தில் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டுவதை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

நான் போனது ரிட்டயர் ஆன ஒரு பெரியவரிடம். முழுக்கக் கேட்டார். புத்தி சொல்லவில்லை. வேதாகமத்தை என் பக்கம் திருப்பி வைத்து, “இதை நீங்களே சத்தமா வாசிங்க தம்பி” என்றார். 1 யோவான் 1:9. ‘நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்.’ வாசித்து முடித்ததும், “இதுல இரக்கம்னு எங்கயாவது இருக்கா?” என்று கேட்டார்.

ஐந்தாம் படி: கொடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள்

அவர் கேட்டது சரிதான். அந்த வசனத்தில் ‘உண்மையும் நீதியும்’ என்றுதான் இருக்கிறது. மன்னிப்பில் நீதிக்கு என்ன வேலை? கொலோசெயர் 2:14-இல் பதில் இருக்கிறது. நமக்கு விரோதமாயிருந்த ‘கையெழுத்தைக்’ கிறிஸ்து சிலுவையில் ஆணியடித்தார் என்று பவுல் எழுதுகிறார். அது கடன் வாங்கினவன் தன் கையால் எழுதிக்கொடுக்கும் பத்திரத்தைக் குறிக்கும் சொல். அடைத்துவிட்ட கடனை மறுபடியும் வசூலிப்பது அநியாயம். தேவன் அப்படிச் செய்யமாட்டார், ஏனென்றால் அவர் நீதியுள்ளவர். அவருடைய மனநிலை இன்றைக்கு எப்படியோ என்று நாம் பயப்பட வேண்டியதில்லை.

இது புரிந்த அன்றைக்கே மனசு லேசாகிவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எனக்கு ஆகவில்லை. உணர்வு மெதுவாகத்தான் பின்னால் வரும். கட்டு அவிழ்த்த பிறகும் கொஞ்ச நாள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்போம் இல்லையா, அப்படி.

‘தேவன் மன்னித்துவிட்டார், என்னால்தான் என்னை மன்னிக்க முடியவில்லை’ என்று அடிக்கடி கேட்கிறோம். உன்னை நீயே மன்னித்துக்கொள் என்ற கட்டளையை நான் வேதாகமத்தில் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக, ‘நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை’ என்று பவுல் 1 கொரிந்தியர் 4:3-இல் சொல்வது இருக்கிறது. சபையைத் துன்பப்படுத்தியதை அவர் மறக்கவில்லை, பல நிருபங்களில் அதைத் தானே எழுதுகிறார். ஆனால் நீதிபதியின் நாற்காலியில் போய் உட்காரவில்லை. தன்னை மன்னிக்க முடியவில்லை என்று சொல்கிறவர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

இதற்குச் சபை கொடுத்திருக்கும் உதவி திருவிருந்து. குற்ற உணர்வு உள்ளவர்கள் முதலில் விலகிப்போவதும் அதிலிருந்துதான். அறிக்கையிட்ட பிறகு போய்க் கையை நீட்டுங்கள். அப்பம் உங்கள் மனநிலையைக் கேட்டுவிட்டுக் கைக்கு வருவதில்லை.

ஆறாம் படி: ஈடு செய்யுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் வரிசை முக்கியம். வரி வசூலில் பணக்காரனான சகேயு பாதி ஆஸ்தியைக் கொடுத்ததால் இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை. இயேசு அவனைத் தேடி வந்தார், பிறகு அவன் பெட்டியைத் திறந்தான். ஈடு செய்வது மன்னிப்புக்கு விலை ஆகாது. அதற்காக விட்டுவிடவும் முடியாது. எண்ணாகமம் 5:7-இன்படி, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும்போது அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். நூறுக்கு நூற்றிருபது. சகேயுவோ நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, தருகிறேன் என்றான், அது திருடிய ஆட்டுக்கு யாத்திராகமம் விதித்த கணக்கு. தன்னைத் திருடன் என்று அவனே ஒத்துக்கொண்டான்.

மன்னிப்புக் கேட்கப் போகும்போது பேச்சில் ‘ஆனால்’ வரக்கூடாது. ‘உன் மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடு’ என்பது மன்னிப்பே இல்லை. புண்பட்டது அவருடைய மெல்லிய மனசின் குற்றம் என்று ஆக்கிவிடுகிறது. ‘நான் இதைச் செய்தேன். அது தப்பு. உனக்கு இன்ன நஷ்டம் வந்தது. இதைச் சரிசெய்ய நான் என்ன செய்யட்டும்?’ நாலு வாக்கியம் போதும். அழுகை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

நான் போனேன். அவன் கேட்டைப் பாதி திறந்து நின்றபடியே கேட்டான். உள்ளே வா என்று சொல்லவில்லை. முடித்ததும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “இதைச் சொல்ல ஒன்பது வருஷம் ஆச்சா?” என்றான். அண்ணா என்று கூப்பிடவில்லை. கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். பழைய நிறுவனத்துக்கும் நடந்ததை எழுதி அனுப்பினேன், அதன் பிரதியை அவனுக்கும் அனுப்பிவைத்தேன். இன்றுவரை எந்தப் பதிலும் இல்லை.

அவன் மன்னிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ‘கிறிஸ்தவன்தானே, நீ மன்னிச்சுதான் ஆகணும்’ என்று வசனத்தைக் காட்டி நிற்பது இரண்டாவது கொடுமை. கூடுமானால் உங்களால் ஆனமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18 சொல்கிறது. ‘ஆனமட்டும்’ என்ற அந்தச் சொல்லுக்காக நான் பவுலுக்கு நன்றியுள்ளவன்.

போகக்கூடாத இடங்களும் உண்டு. நீங்கள் கொடுமைப்படுத்திய ஒருவர் உங்கள் முகத்தைப் பார்க்கவே பயப்படுகிறார் என்றால், உங்கள் பாரம் இறங்குவதற்காக அவர் வாசலில் போய் நிற்காதீர்கள். நம்பிக்கையான ஒருவர் மூலம் கேட்டு, அவர் விரும்பினால் மட்டும் போங்கள். செய்தது சட்டப்படி குற்றம் என்றால், தேவன் மன்னித்துவிட்டார் என்பது சட்டத்திலிருந்து தப்பும் வழி ஆகாது. ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கள். மன்னிக்கப்பட்ட தாவீதும் விளைவைச் சுமந்தார்.

ஆள் இறந்துபோயிருந்தால்? ஈடு வேறு கைகளுக்குப் போகலாம். ஜான் நியூட்டன் அடிமைக் கப்பல்களில் வேலை செய்தவர். 1748-இல் ஒரு புயலில் தேவனைக் கூப்பிட்டார், ஆனாலும் 1754 வரை அந்தத் தொழிலில்தான் இருந்தார். 1788-இல்தான் தான் கண்டதையும் செய்ததையும் வெளிப்படையாக எழுதி அச்சிட்டார். அவர் கடத்திய மனிதர்களிடம் போக வழியில்லை. அதே வியாபாரத்தை ஒழிக்கப் போராடியவர்களுக்குத் தன் சாட்சியத்தைக் கொடுத்தார். 1807-இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது, அதே வருஷக் கடைசியில் அவர் இறந்தார்.

ஏழாம் படி: உங்களுக்குக் கடன்பட்டவர்கள்

மத்தேயு 18-இல் ஒரு வேலைக்காரன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி. ஆக ஆறு கோடி நாள் கூலி. எஜமான் அதை முழுக்க மன்னித்துவிடுகிறார். அவனோ, சக வேலைக்காரன் தனக்குத் தரவேண்டிய நூறு நாள் கூலியை மன்னிக்கவில்லை. நூறு நாள் கூலியும் சின்னத் தொகை இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு ஒருவர் செய்தது சின்னது என்று இயேசு சொல்லவில்லை. இதையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை, பெயர்களை எழுதி ஜெபத்தில் வைக்கத் தொடங்கினால் போதும். மன்னிப்பது என்றால் மறுபடியும் அவர் கையில் அடி வாங்கப் போவது என்று பொருள் இல்லை.

திரும்பத் திரும்ப வந்தால்

அதே பாவத்தில் மறுபடி விழுவது வேறு, மன்னிக்கப்பட்ட பாவம் மறுபடி உறுத்துவது வேறு. முதலாவதற்கு மறுபடியும் அறிக்கையிட்டு, விழும் இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். இரவு தனியாகக் கைப்பேசியோடு இருக்கும்போதுதான் விழுகிறீர்கள் என்றால், அழுது ஜெபிப்பதோடு கைப்பேசியை வேறு அறையில் வைப்பதும் மனந்திரும்புதலில் சேர்த்திதான்.

இரண்டாவதற்கு மறுபடி அறிக்கையிடாதீர்கள். பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது, சொன்ன பாவங்களையே மீண்டும் மீண்டும் சங்கீர்த்தனம் செய்து, தற்கொலை எண்ணம்வரை போய்விட்டார். கடைசியில் பழையதை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் விடுபட்டார். 1505-இல் துறவுமடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூதருக்கும் இதே வியாதி. மணிக்கணக்காக அறிக்கையிட்டுவிட்டு, ஏதோ விட்டுப்போயிற்று என்று திரும்பி ஓடுவார். கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்றுதான் ஸ்டாப்பிட்ஸ் என்ற அவருடைய மேலாளர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்படி ஓயாமல் அரிப்பது மனநோயாகவும் இருக்கலாம். தூக்கம், பசி போய்விட்டால், சாகலாம் என்ற எண்ணம் வந்தால், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்ற பயம் சிலரை வாட்டும். மாற்கு 3-இல் இயேசு அதைச் சொன்னது, கண்ணெதிரே நடந்த ஆவியானவரின் வேலையைப் பார்த்தும் பிசாசின் வேலை என்று சாதித்த வேதபாரகரிடம். அவர்களுக்கு அந்தப் பயமே இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

நான் செய்த ஒரு சின்ன ஏற்பாட்டையும் சொல்கிறேன். அந்தப் பெரியவர் வீட்டில் 1 யோவான் 1:9 வாசித்த நாளின் தேதியை, என் வேதாகமத்தில் அந்த வசனத்துக்குப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். பாவத்தின் பெயரை எழுதவில்லை, தேதி மட்டும். அது இன்னும் சில இரவுகளில் வருகிறது, அதே குரலில், ‘வரேன் அண்ணா’ என்று. எழுந்து விளக்கைப் போட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து தேதியைப் பார்ப்பேன். அவனுக்காகவும் அவன் வீட்டாருக்காகவும் ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டு விளக்கை அணைப்பேன். பென்சில் எழுத்து மங்கிவிட்டது, போன மாதம்தான் அதன்மேலேயே பேனாவால் எழுதினேன்.